வலியறியாப் பிள்ளைகளும் நம் வீட்டுச் சர்க்கரைக்காரர்களும்

பிறவியிலேயே வலி உணராதவர்கள் சிலர் உலகில் இருக்கிறார்கள் என்று காரைக்குடியில் யாரிடம் சொன்னாலும், "கொடுத்து வைத்தவர்கள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. மூட்டு வலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே நாளைத் தள்ளுகிறவர்களிடம் வேறு பதிலை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால், இது பற்றிய மருத்துவ ஆய்வுகளை ஆர்வத்தோடு படித்து வருகிறவன் என்ற முறையில், அவற்றில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதியைத்தான் நாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

2006இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, வட பாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களின் ஆறு பிள்ளைகளைப் பற்றியது. அதற்குத் தொடக்கமாக அமைந்தவன் தெருவில் வித்தை காட்டிய பத்து வயதுச் சிறுவன் ஒருவன். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான். எரியும் தணலில் நடப்பான். நம் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் பூக்குழி இறங்குகிறவர்களுக்குச் சூடு தெரியும். தெரிந்தேதான் விரதமிருந்து இறங்குகிறார்கள். அந்தச் சிறுவனுக்குத் தாங்கிக்கொள்வதற்கு எதுவுமே இருக்கவில்லை. ஆய்வாளர்கள் அவனைப் பரிசோதிப்பதற்கு முன்பே, பதினான்காம் பிறந்த நாளன்று, ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

மற்ற பிள்ளைகள் அனைவருக்கும் தாங்களே கடித்துக்கொண்டதால் உதட்டிலோ நாக்கிலோ காயம் இருந்தது. இருவருக்கு நாக்கின் நுனிப் பகுதி மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. தொடுவது தெரிகிறது, வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் தெரிகின்றன, கூச்சம்கூடத் தெரிகிறது; வலி மட்டும் இல்லை. காரணம், எஸ்சிஎன்9ஏ என்னும் மரபணுவில் ஏற்பட்ட பழுது. வலியைக் கடத்தும் நரம்பணுக்களின் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் ஒரு வாயிலை அந்த மரபணுதான் உருவாக்குகிறது. அந்த வாயில் இல்லாவிட்டால் வலியின் செய்தி மூளைக்குப் புறப்படுவதே இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்ததும் மருந்து நிறுவனங்கள் அந்த வாயிலை அடைக்கும் வலிநிவாரணியைத் தேடிப் புறப்பட்டன. ஆண்டுகள் பல ஆகியும் அந்தத் தேடல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் மாத்திரை, அதே வகையைச் சேர்ந்த வேறொரு சோடியம் வாயிலை அடைப்பது. அபின் வகை மருந்துகளுக்கு அடிமையாகி அல்லல்படும் நாட்டில் அது பெரிய செய்திதான்; மறுக்கவில்லை. ஆயினும், வலி இல்லாத உடலை அன்றாடம் எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு இந்தப் பேச்சில் இடமே இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கேள்விக்கான பாடம் நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோய் தசையைத் தின்பதால்தான் விரல்கள் குறைகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் எளிதாகத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தும் அவனுக்கு அது தெரியாமல் இருந்ததையும் பிராண்ட் கண்டார். நோய் நரம்பைத்தான் கொல்கிறது. விரலைக் கொல்வது அன்றாட வேலைகள். பின்னாளில் அமெரிக்காவில் உணர்கருவிகளைக் கொண்டு செயற்கை வலி ஒன்றை உருவாக்கவும் முயன்றார். நோயாளிகள் தங்களுக்கு வேண்டிய வேலையைச் செய்யும்போது கருவியை அணைத்துவிட்டதால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆகவே கடைசியில் பலன் தந்தவை, தினமும் கையையும் காலையும் கண்ணால் பார்க்கும் பழக்கமும் சரியான செருப்பும்தான்.

வலியறியாத அந்தப் பிறவிக் குறைபாடு மிக அரிது. சொந்தத்தில் பெண் எடுக்கும் நம் ஊர்களில் சிலர் இதைக் கேட்டதும் கவலைப்படலாம். பெற்றோர் இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால்தான், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று என்ற அளவில் வாய்ப்பு உண்டு; சொந்தத்தில் அது கூடும் என்பது உண்மை. இதற்காக யாரும் நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் அம்மான் மடியில் காது குத்தும்போது அழாத பிள்ளை, பல் முளைத்த பிறகு நாக்கை ரத்தம் வரக் கடித்தும் சிரிக்குமானால், "சமத்து" என்று கொஞ்சுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதே குறைபாட்டின் வேறொரு வகையில் வியர்வையும் சுரக்காது. நம் சித்திரை வெயிலில் அந்த வகைப் பிள்ளைகளுக்கு உயிர் ஆபத்தே வரலாம்.

அரிதல்லாத வலியின்மை நம் வளவுக்குள்ளேயே நடமாடுகிறது. நெடுநாள் சர்க்கரை பாத நரம்புகளைக் கெடுத்துவிடும். சென்ற கோடையில் எங்கள் அப்பச்சி உச்சி வெயிலில் கோயில் வெளிப்பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்தார். ஆத்தங்குடித் தரையின் பூக்கோலத்தின்மேல் ஈரமான சிவப்புத் தடங்களைப் பார்த்த பிறகுதான் இரு பாதங்களும் கொப்பளித்து உரிந்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. "எதுக்கு இந்தப் பதற்றம், வலிக்கவே இல்லையே" என்றார். மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து, அது வளையும்வரை அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்டார். பெருவிரலின் அடியில் தொட்டபோது அப்பச்சியிடமிருந்து பதிலே வரவில்லை. அந்தச் சோதனைக்கு ஓர் இழையும் சில நிமிடங்களும் போதும்.

எனவே நம் கோயில்களின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சந்நிதி வழியில் மட்டும் விரிக்கும் தேங்காய்நார் விரிப்பை வெளிப்பிரகாரம் முழுவதும் விரித்துத் தண்ணீர் தெளித்து வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பருத்திக் காலுறையோடு வந்தால் தடுக்காதீர்கள். அப்பச்சி காலுறைக்குச் சம்மதிக்கவில்லை. இனிமேல் வெயில் தாழ்ந்த பிறகே கோயிலுக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.