கருப்புப் பட்டைக்குப் பயந்து படத்தை வெட்டாதீர்கள்

ஒரு படம் தியேட்டரில் எந்த அகல உயரத்தில் ஓடியதோ, அதே அகல உயரத்தில்தான் வீட்டுக்கும் வரவேண்டும். டிவிடி, ப்ளூரே, ஓடிடி, யூடியூப் எதுவாக இருந்தாலும் சரி. அதை மாற்றிவிட்டு, மாற்றியதை மட்டும் விற்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. எடுத்தவர்களே வந்து மாற்றினாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது முதல் அகலத்திரைப் படம், 1973-இல் வந்த ராஜராஜ சோழன். அப்படியென்றால் 1931-இல் காளிதாஸ் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேலாக நாம் எடுத்த படங்கள் எல்லாமே ஏறக்குறைய சதுரம். முப்பத்தைந்து எம்எம் என்று சொல்வோமே, அது. உயரம் 1 என்றால் அகலம் 1.37. இப்போது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் டிவியில் உயரம் 1 என்றால் அகலம் 1.78. பழைய படத்தை இதில் முழுசாகப் போட்டால் இடமும் வலமும் கருப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே! ஆனால் விற்பவர்களுக்கு அந்தக் கருப்பு பொறுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி அகலத்தை நிரப்பிவிட்டு, மேலேயும் கீழேயும் வெளியே போவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காலி. அதற்கு மேல் 'எச்டி' என்று முத்திரை வேறு.

நாலில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயமில்லை. பக்கத்தில் வைத்து எடுத்த முகமென்றால் முதலில் போவது நெற்றி. புராணப் படமென்றால் கிரீடம். எழுத்துப் போடும்போது அடிவரியில் இருக்கும் பெயர் பாதியாக அறுந்து நிற்கும். எல்லாவற்றையும்விட என்னால் தாங்க முடியாதது நாட்டியக் காட்சிகள். அந்தக் காலத்தில் ஆடுபவரை உச்சி முதல் பாதம் வரை தெரியும்படி தள்ளி நின்று எடுத்தார்கள். சலங்கையும் தெரிய வேண்டும், தலைக்கு மேல் போகும் கையும் தெரிய வேண்டும். தில்லானா மோகனாம்பாள் மாதிரி ஒரு படத்தில் பத்மினியின் பாதத்தை வெட்டிவிட்டு என்னத்தைப் பார்ப்பது? காலை வைத்துக்கொண்டால் கை போகும், கையை வைத்துக்கொண்டால் கால் போகும்.

வெட்டாமல் இழுத்து நிரப்புகிறவர்களும் உண்டு. அதில் வண்டிச் சக்கரம் முட்டை வடிவத்தில் உருளும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

டிவி சதுரமாக இருந்த காலத்தில் இதே கொடுமை தலைகீழாக நடந்தது. சினிமாஸ்கோப் படத்தின் அகலம் 2.35. அன்றைய டிவியில் உயரத்தை முழுசாக நிரப்பினால் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எழுத்துப் போடும்வரை எல்லோரும் ஒல்லியாக, நெடுநெடுவென்று தெரிவார்கள். இயக்குநர் பெயர் போட்டு முடிந்ததும் சட்டென்று ஆட்கள் சரியான உருவத்துக்கு வருவார்கள், ஆனால் திரையின் இரண்டு ஓரமும் காணாமல் போயிருக்கும். ஆளுக்கு ஒரு மூலையில் நின்று பேசுகிற காட்சியில் நடுவில் இருக்கும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இன்னும் 'அக்கறையாக' செய்தவர்கள் பேசுகிறவர் பக்கமாகப் படத்தை நகர்த்துவார்கள். கேமரா அசையாமல் நின்ற இடத்தில் அசைவு வரும். பேன் அண்ட் ஸ்கேன் என்று அதற்குப் பெயர். ஹாலிவுட் இயக்குநர் சிட்னி பொல்லாக்கின் 1975-ஆம் வருஷத்துப் படம் த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர். அதை டென்மார்க் தொலைக்காட்சி 1991-இல் இப்படி வெட்டி ஒளிபரப்பியதற்காக அவர் வழக்கே போட்டார். இது படத்தைச் சிதைப்பதுதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு சட்ட நுணுக்கத்தால் வழக்கு அவருக்குச் சாதகமாக முடியவில்லை.

சதுர டிவியில் மேலும் கீழும் கருப்பு பிடிக்கவில்லை, அகல டிவியில் இடமும் வலமும் கருப்பு பிடிக்கவில்லை. டிவி மாறியது, மனசு மாறவில்லை.

'கதை புரிந்தால் போதாதா, ஓரத்தில் என்ன இருக்கப்போகிறது' என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது தி சிம்ப்சன்ஸ் கார்ட்டூன். சதுரத் திரைக்காக வரையப்பட்ட அதன் பழைய பாகங்களை 2019 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ் அகலத் திரைக்கு வெட்டி வெளியிட்டது. டஃப் என்கிற பீர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கிற காட்சி ஒன்று அதில் உண்டு. டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று மூன்று பெரிய தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே சரக்கு இறங்குகிறது. ஜோக்கே அந்தக் குழாய்தான். மேல்பகுதியை வெட்டியதில் குழாய் போய்விட்டது. மூன்று தொட்டி மட்டும் நிற்கிறது, எதற்குச் சிரிப்பது என்று தெரியாது. ரசிகர்கள் விடாமல் சண்டை போட்டார்கள். 2020 மே மாதம், வேண்டியவர்கள் பழைய விகிதத்திலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு தேர்வை வைத்தார்கள். முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்ததுதான் சிக்கலான இடம். எடுத்தவரே மாற்றினால்?

வித்தோரியோ ஸ்தோராரோ உலகின் மகத்தான ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அவர் ஒளிப்பதிவு செய்த அபோகலிப்ஸ் நவ், தி லாஸ்ட் எம்பரர் இரண்டுமே 2.35 அகலத்தில் தியேட்டருக்கு வந்தவை. 1998-இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் சினிமாவுக்கும் டிவிக்கும் பொதுவாக 2.00 என்ற ஒரே விகிதம் இருந்தால் இந்த வெட்டுக்கொத்தே இருக்காது என்று. புதுப் படங்களுக்கு அருமையான யோசனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதைப் பழைய படங்களுக்கும் நீட்டினார். அபோகலிப்ஸ் நவ் டிவிடி 2.00-இல் வந்தது. 2008-இல் க்ரைட்டீரியன் என்ற வட்டு நிறுவனம் வெளியிட்ட லாஸ்ட் எம்பரரும் அப்படியே. அகலத்தில் ஏழில் ஒரு பங்கு இல்லை. பெட்டியில் ஒளிப்பதிவாளரின் ஒப்புதல் இருக்கிறது, அதனால் இதுதான் சரியானது என்றார்கள்.

எனக்கு இது ஏற்பில்லை. 1986-இல் லாஸ்ட் எம்பரருக்காகப் பீகிங் அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக ஆட்களை நிறுத்தி, ஓரம் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வைத்த கண்ணுக்குத்தான் ஆஸ்கர் கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்து வந்து கத்தி வைத்தது அந்தக் கண் இல்லை, ஒரு கொள்கை. அந்த ஓரத்தில் நின்றவர்கள் வெறும் இடத்தை அடைக்க நிற்கவில்லை. உடை தைத்தவரின் உழைப்பும், அரங்கம் அமைத்தவரின் உழைப்பும் அங்கே இருக்கிறது. இயக்குநர் பெர்த்தோலூச்சியின் பார்வை இருக்கிறது. பார்த்த ஜனங்களின் ஞாபகமும் இருக்கிறது. ஸ்தோராரோ ஆசைப்பட்டால் தன் 2.00 பதிப்பைத் தாராளமாக வெளியிடட்டும். ஆனால் பழையது பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். அபோகலிப்ஸ் நவ் 2010-இல் ப்ளூரேயில் மறுபடி 2.35-க்குத் திரும்பியபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

எடுத்தவர் உயிரோடு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இயக்குநர் குப்ரிக்கின் பேரி லிண்டன் 2011-இல் ப்ளூரேயில் 1.78-இல் வந்தது, அதாவது டிவிக்குக் கச்சிதமாக. இதுதான் அவர் விரும்பியது என்று அவருடன் வேலை பார்த்தவரே சொன்னார். அப்புறம் ஒரு காகிதம் வெளியே வந்தது. 1975 டிசம்பரில் தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு குப்ரிக் எழுதிய கடிதம். படம் 1.66 விகிதத்தில் எடுக்கப்பட்டது, அப்படியே காட்டுங்கள் என்று அதில் தெளிவாக இருந்தது. 2017-இல் க்ரைட்டீரியன் 1.66-இல் வெளியிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏழு சதவீதம்கூட இல்லை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துச் சட்டகம் வைத்த ஒரு படத்தில், வானத்திலிருந்து அந்த ஏழு சதவீதத்தைக் கழித்தாலும் அது வேறு படம்தான்.

குப்ரிக்குக்கு ஒரு கடிதம் இருந்தது. நம் பழைய படங்களுக்கு யார் கடிதம் எழுதி வைத்தார்கள்? பல படங்களுக்கு நெகட்டிவே இல்லை. இருக்கிற ஒரு பிரிண்டை ஸ்கேன் செய்து, அதையும் டிவிக்கு ஏற்ப வெட்டி வைத்துவிட்டால், நாளைக்கு அந்த வெட்டுப்பட்டதுதான் படம். அதனால்தான் கர்ணன் விஷயத்திலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1964-இல் வந்த படத்தை 2012-இல் புதுப்பித்து மறுவெளியீடு செய்ததை நான் கொண்டாடுகிறேன். நூறு நாள் தாண்டி ஓடியது, பல பழைய படங்கள் தியேட்டருக்குத் திரும்பவும் வழி செய்தது. ஆனால் அதை சினிமாஸ்கோப் ஆக்கியிருக்க வேண்டாம். சதுரத்தை அவ்வளவு அகலமாக்க வெட்ட வேண்டும், இல்லையென்றால் இழுக்க வேண்டும், மூன்றாவது வழி கிடையாது. கிழிசலும் கோடும் நீக்கி, ஒலியைச் சுத்தம் செய்து, அதே வடிவத்தில் போட்டிருந்தாலும் சிவாஜிக்காக அதே கூட்டம் வந்திருக்கும்.

ஓடிடி நிறுவனங்களிடமும் பழைய படங்களை யூடியூபில் ஏற்றுகிறவர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். படத்தின் பெயர், வருஷம், நீளம் போடும் இடத்தில் விகிதத்தையும் போடுங்கள். வெட்டியிருந்தால் வெட்டியது என்று சொல்லுங்கள். வெட்டாததையும் சேர்த்து வையுங்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய விசிடி, டிவிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். 1973-க்கு முந்தைய படங்களுக்கு, சதுர டிவி காலத்தில் வந்த அந்த மங்கலான வட்டுகளில் பெரும்பாலும் முழுச் சட்டகமும் இருக்கிறது. எச்டி என்று வந்திருப்பதையும் அதையும் ஒரே காட்சியில் நிறுத்திப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டு தெரிந்தால் இரண்டையும் படமெடுத்து, படத்தின் பெயரோடு கமெண்டில் போடுங்கள். ஒரு பட்டியலாகச் சேர்த்து உரிமை வைத்திருப்பவர்களுக்கு நானே அனுப்புகிறேன்.