எலியிடம் எதைக் கேட்கலாம்?

மனிதக் கர்ப்பத்தைப் படிக்க எலியை ஏன் வதைக்க வேண்டும் என்று கேட்பவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது தப்பு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சுண்டெலியின் கர்ப்பம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். மருந்துக்கடை கிட்டில் இரண்டு கோடு விழவைக்கும் எச்சிஜி ஹார்மோன் அதன் உடம்பில் சுரப்பதே இல்லை. கர்ப்பிணிகளுக்கு பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போகிற பிரீஎக்லாம்ப்சியா, சாதாரண எலிக்குத் தானாக வருவதும் இல்லை.

ஆனாலும் அந்த நோயைப் புரிந்துகொண்டதில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமாஞ்சியின் குழு முதலில் எடுத்துப் பார்த்தது நோய் கண்ட பெண்களின் நஞ்சுக்கொடியைத்தான். எஸ்ஃபிளிட்-1 என்ற புரதம் அதில் மிதமிஞ்சி உற்பத்தியாகியிருந்தது. ரத்தக்குழாய்கள் ஆரோக்கியமாக இருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை மடக்கிப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. சரி, நோய்க்கு இது காரணமா, நோயால் வந்த விளைவா? கர்ப்பிணிக்குச் செலுத்திப் பார்க்க முடியுமா என்ன? அதனால் வைரஸ் வழியாக அந்தப் புரதத்தின் மரபணுவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிபி ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் வீங்கிப்போயின. நோயுற்ற பெண்களிடம் காணும் அதே வீக்கம். கர்ப்பமாக இல்லாத எலிகளுக்கும் பிபி ஏறிப் புரதம் போனதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. நஞ்சுக்கொடியே இல்லாவிட்டாலும் இந்தப் புரதம் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டதே! 2003-ல் வெளிவந்த ஆய்வு இது. அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை இதே எஸ்ஃபிளிட்-1-ஐயும் அளக்கிறது.

ஒரு புரதத்தை உடம்பில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எலி நேர்மையாகப் பதில் சொல்லும். சில பெண்களின் நஞ்சுக்கொடி மட்டும் அதை ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. மனித நஞ்சுக்கொடிச் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஆழமாகப் போய்த் தாயின் தமனிகளை அகலமாக்குகின்றன. சுண்டெலியில் அது மேலோட்டமாக நின்றுவிடுகிறது. கேலக்டின்-13 என்ற நஞ்சுக்கொடிப் புரதத்தின் மரபணுவோ மனிதர் உள்ளிட்ட குரங்கினங்களுக்கு வெளியே கிடையாது. இல்லாத மரபணுவை எலியில் எப்படி நீக்கிப் பார்ப்பது?

எலி பதில் சொல்லக்கூடிய கேள்வியா, சொல்ல முடியாத கேள்வியா என்பதை ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் முதல் பக்கத்திலேயே கேட்க வேண்டும் என்பேன். பதில் சொல்ல முடியாத கேள்விக்காக ஓர் உயிரைக் கொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018-லேயே கேம்பிரிட்ஜில் மனித நஞ்சுக்கொடிச் செல்களை முப்பரிமாணக் குட்டித் திசுக்களாக வளர்த்துக் காட்டிவிட்டார்கள். பிரசவ அறைகளில் தினமும் குப்பைக்குப் போகும் நஞ்சுக்கொடிகளைத் தாயின் சம்மதத்தோடு சேகரிக்கவும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போகட்டும்.