கூடாரம் போட்டு என்ன கிழித்தார்கள்?

பணக்காரர்கள், பெரிய கம்பெனிகளின் ஆதிக்கத்தை எதிர்த்து அமெரிக்காவில் நடந்த ஆக்குபை வால் ஸ்ட்ரீட் போராட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார்: "ரெண்டு மாசம் கூடாரம் போட்டு உட்கார்ந்தாங்களே, என்னத்தக் கிழிச்சாங்க?" ஒரு காலத்தில் நானும் கேட்டவன்தான். அந்த இடத்தின் கதையைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

2011 செப்டம்பர் 17 அன்று அவர்கள் போய் உட்கார்ந்த நியூயார்க் சுக்கோட்டி பூங்கா, மாநகராட்சிப் பூங்கா அல்ல. புரூக்ஃபீல்டு என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் சொத்து. பக்கத்துக் கட்டடத்தைக் கூடுதல் உயரத்துக்குக் கட்டிக்கொள்ள மாநகராட்சியின் சலுகை. பதிலுக்கு ஜனங்கள் புழங்க ஒரு திறந்தவெளி. 1968-இல் முடிந்த பேரம். 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாநகராட்சிப் பூங்காவாக இருந்திருந்தால் அன்று ராத்திரியே பூட்டி வெளியே தள்ளியிருப்பார்கள். கம்பெனிகளின் ஆதிக்கத்தை எதிர்க்கப் போனவர்களுக்கு ராத்தங்க ஒரு கம்பெனியின் மனைதான் வாய்த்தது!

ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. அதனால் பேசுகிறவர் நாலைந்து சொல்லில் நிறுத்துவார். சுற்றி இருப்பவர்கள் அதையே சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். கூட்டம் பெரிதென்றால் பின்வரிசை இன்னொரு முறை. நமக்குப் பிடிக்காத கருத்தையும் நம் வாயாலேயே சொல்லியாக வேண்டும். யாரும் மணிக்கணக்கில் அளக்கவும் முடியாது. (மேடைப் பேச்சாளர்கள் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கலாம்.)

அதற்காக எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கோரிக்கைப் பட்டியலே வேண்டாம் என்று இருந்தது பெரிய தப்பு. தேர்தல் பிரச்சாரத்துக்குக் கம்பெனிகள் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில்தான் தீர்ப்பளித்திருந்தது. அந்த ஒன்றையாவது விடாப்பிடியாகப் பிடித்திருக்கலாம். "நாங்கள் 99 சதவீதம்" (மேல்தட்டு ஒரு சதவீதப் பணக்காரர்கள் போக மீதி எல்லோரும்) என்ற முழக்கம் ஊரெல்லாம் பரவியது, சட்டம் அப்படியே இருந்தது.

நவம்பர் 15, நள்ளிரவு தாண்டி போலீஸ் வந்தது. உத்தரவிட்ட மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கே உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கூடாரங்களோடு அங்கே இருந்த நூலகத்தையும் அள்ளிக் குப்பை லாரியில் போட்டார்கள். ஆயிரக்கணக்கான புத்தகங்கள், பாதிக்கு மேல் திரும்பவில்லை. நூலகத்தை நடத்தியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013-இல் மாநகராட்சி சமரசத்துக்கு வந்தது.

புத்தகங்களுக்கு 47,000 டாலர். வக்கீல் செலவுக்கு 1,86,350.