முதுகைப் பார்ப்பவரும் கண்ணாடியைப் பார்ப்பவரும்

பிள்ளைக்கு ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை டிகிரி?" என்பதுதான். எனக்கும் பதின்வயதில் முதுகெலும்பு வளைந்துதான் இருந்தது, பிரேஸும் (உடம்பைச் சுற்றி இறுக்கிப் போடும் பிளாஸ்டிக் கவசம்) போட்டவள்தான். அந்த எண்ணைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. சட்டையின் ஒரு தோள் மட்டும் ஏன் இறங்கி நிற்கிறது, இடுப்பு ஒரு பக்கம் குழிந்தும் மறுபக்கம் நேராகவும் ஏன் இருக்கிறது, இதுதான் என் கவலை.

அம்மா அப்பா பார்ப்பது முதுகை. பிள்ளை குனிந்து எதையாவது எடுக்கும்போது ஒரு பக்க விலா மேடாகத் தூக்கிக்கொண்டு நிற்பது அவர்கள் கண்ணில் சட்டென்று படும். (மருத்துவரும் குனியச் சொல்லித்தான் பார்ப்பார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது, அது குனிந்தால்தான் நன்றாகத் தெரியும்.) பிள்ளைக்குத் தன் முதுகு கண்ணில் படுவதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன்பக்கக் கண்ணாடி, தோழிகளோடு எடுத்த படம், உடை மாற்றும் இடத்தில் பக்கத்தில் நிற்பவளின் இடுப்பு.

பெற்றோரின் பார்வையில் பயமும் கலந்திருக்கிறது. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில்தான் வளைவும் கூடுகிறது, பெரும்பாலும் பெரிய வலி இருக்காது. அதே வயதில்தான் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றத் தொடங்குகிறது. ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டு "இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்" என்று உடைந்துபோகிறார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியோடு பார்த்தால் சின்ன மேடும் மலையாகத்தான் தெரியும்.

இதை ஆய்வாளர்கள் கேள்வித்தாள் வைத்தே பார்த்திருக்கிறார்கள். தோற்றத்தைப் பற்றிப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்டால் பதில்கள் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. எக்ஸ்ரேயில் அளக்கும் காப் கோணத்துக்கும் (பெற்றோர் கேட்கும் அந்த டிகிரி) பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பதற்கும் உள்ள தொடர்பும் அவ்வளவு வலுவானதில்லை. 20 டிகிரி உள்ளவள் இறுக்கமான உடையே போடாமல் ஒளிந்துகொள்வாள், 45 டிகிரி உள்ளவள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் ஆடிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அடிக்கடி வரும் இரண்டு வாக்கியங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்று, "நிமிர்ந்து நில்லு". பதின்வயதில் வரும் ஸ்கோலியோசிஸ் பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்கப்படாதது. கூனி உட்கார்ந்ததாலோ புத்தகப் பை தூக்கியதாலோ வந்ததில்லை. நிமிர்ந்து நின்றாலும் அது அங்கேதான் இருக்கும். இன்னொன்று, "வெளியே தெரியவே இல்லையே". அன்பில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். தலைமுடியை எப்போதும் ஒரே பக்கத் தோள்பட்டைமேல் போட்டுக்கொள்பவளிடம் போய் இதைச் சொல்லி என்ன பயன்?

பிரேஸ் விஷயத்தில் இந்தப் பார்வை வேறுபாடு சண்டையாக முற்றுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் வழக்கமாக பிரேஸ் சொல்வார்கள். அதனால் பலன் உண்டு: 2013-இல் வெளியான அமெரிக்க-கனடா ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சி முடிந்தது. போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் அது 48 சதவீதம். அதிக மணி நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம். ஆனால் அதன் வேலை வளைவு கூடாமல் தடுப்பது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, அப்புறம் நேராகிவிடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால், கழற்றும் நாளில் கண்ணாடி அந்த வாக்கைப் பொய்யாக்கிவிடும். சட்டைக்குள் பிளாஸ்டிக் புடைத்துத் தெரிவதும், பட்டை இறுக்கிய இடம் சிவந்து கிடப்பதும் அவளுக்குத்தானே. அதைப் பேச இடம் கொடுத்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

அறுவை சிகிச்சை வரை போனால் பிள்ளையிடம் தனியாகவே கேளுங்கள்: உனக்கு எது மாற வேண்டும்? தோளா, இடுப்பா, முதுகு மேடா? கம்பியும் திருகும் வைத்து எலும்புகளை இணைத்த பிறகும் விலா மேடு கொஞ்சம் மிஞ்சலாம், தோள் முழுக்கச் சமமாகாமலும் போகலாம், முதுகு நடுவே நீளமான தழும்பு நிச்சயம் வரும். அவள் சொன்ன இடம் எவ்வளவு மாறும் என்று மருத்துவரிடம் அவள் முன்னாலேயே கேட்டுவிடலாம். "மேடு எனக்குப் பிரச்சினையே இல்லை, இடுப்புதான்" என்று அவள் சொன்னால், உங்கள் கண்ணை உறுத்தும் மேட்டைப் பற்றி அந்த அறையில் வாயைத் திறக்காதீர்கள்.