முகமூடியை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள்

வெளிநாட்டில் ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறவர்கள் எல்லாக் கருவிகளையும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. காற்று சிலிண்டரையும், நீரில் மூழ்க இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளையும் யாரும் சுமந்துபோவதில்லை. மிதவை ஜாக்கெட்டும் கனம்தான், விட்டுவிடலாம்.

ஆனால் முகமூடி? ஒருமுறை வாடகை முகமூடியோடு இறங்கினேன். நாற்பது நிமிடத்தில் பாதி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றுவதிலேயே போயிற்று. ஆமை கடந்து போனதாம், கூட வந்தவர்கள் சொன்னார்கள்! வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுத்தால், கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அப்படிப் பொருந்துவது கிடைத்தால் விடாதீர்கள். கண்ணாடி அணிபவர்கள் சொந்த முகமூடியில் பவர் லென்ஸும் பொருத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் சொந்தமாக இருக்கட்டும். முந்தைய டைவில் உடலில் தங்கிய நைட்ரஜனையும் அது கணக்கில் வைத்திருக்கும். நடுவில் வேறொன்றை மாட்டினால், நீங்கள் அன்றுதான் முதன்முதலாக இறங்குவதாக அது நினைத்துக்கொள்ளும்.

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் கருவி) கொண்டுபோகிறவர்கள் அங்குள்ள சிலிண்டர் வால்வு கவ்விப் பிடிக்கும் யோக் வகையா, திருகி மாட்டும் டின் (DIN) வகையா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உங்களுடையது டின் ரெகுலேட்டர் என்றால், யோக் வால்வில் மாட்ட ஒரு சிறிய அடாப்டர் போதும்.