நாட்குறிப்பு இல்லை, நாவல்தான்

மேலே உள்ள பதிவில் ஒருவர், தான்ஹா லாய் என்ற எழுத்தாளரின் 'இன்சைடு அவுட் அண்ட் பேக் அகெய்ன்' அவருடைய சிறுவயது நாட்குறிப்பு, அமெரிக்கச் சிறார் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

அது 2011இல் வந்த நாவல். 1975இல் வியட்நாமின் சைகோனிலிருந்து அமெரிக்காவின் அலபாமாவுக்கு வந்த பத்து வயதுச் சிறுமி ஹாவின் கதை. ஆசிரியரும் அதே ஆண்டில் அதே வயதில் அங்கே போனவர்தான், தன் அனுபவத்தை நிறையவே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் பெரியவரான பிறகு புனைவாக எழுதியது. சின்னச் சின்னக் கவிதைகள், அடியில் தேதி; அதனால்தான் நாட்குறிப்பு போலத் தெரிகிறது. வாங்கியது 2012இன் நியூபெரி ஹானர், அதாவது பதக்கத்துக்கு அடுத்த நிலை கௌரவம்; பதக்கம் வேறு. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதும் உண்டு, அதை விட்டுவிட்டீர்களே!

அப்புறம், கதையில் ஹாவுக்குக் 'கடைசியில் எல்லாம் பழகிப்போய்விடும்' என்று நீங்கள் எழுதியிருப்பதும் பாதிதான் சரி. வீட்டுத் தோட்டத்துப் பப்பாளிக்கு ஏங்கும் ஹாவுக்கு, உலர்ந்த பப்பாளித் துண்டுகள் பரிசாக வருகின்றன. கோபத்தில் குப்பையில் எறிகிறாள். அம்மா அதையே வெந்நீரில் ஊறவைத்துத் தருகிறாள். அந்தப் பழைய ருசி இல்லை, ஆனாலும் மோசமில்லை என்று ஹாவுக்குத் தோன்றுகிறது.