உண்மை விளக்கம்: ‘இனவெறி மனதைப் பாதிக்காது’ என்ற ஃபார்வர்டு தவறு

“அமெரிக்காவில் மனச்சோர்வு வெள்ளையருக்குத்தான் அதிகம், கறுப்பின மக்களுக்குக் குறைவு. இனவெறி மனதைப் பாதிக்கும் என்பது கட்டுக்கதை” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இதில் முதல் பாதி சரி. 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்தவர்கள் வெள்ளையரில் 17.9 சதவீதம், ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 10.4 சதவீதம். ஆனால் அதே ஆய்வின் அடுத்த எண்களை ஃபார்வர்டு மறைத்துவிட்டது. வந்த மனச்சோர்வு விடாமல் நீடித்தது வெள்ளையரில் 38.6 சதவீதம் பேருக்கு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 56.5 சதவீதம் பேருக்கு. அவர்களில் பாதிப் பேருக்குக்கூட சிகிச்சை கிடைக்கவில்லை. பாதியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புவது பெரிய அநியாயம்.

சரி, இனவெறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? “கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் உங்கள் மனநிலை சரியில்லாமல் இருந்தது?” அமெரிக்க அரசின் தொலைபேசிக் கணக்கெடுப்பில் வரும் கேள்வி இது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் பதில்களை ஆராய்ந்து 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிராயுதபாணியான கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் கொன்றால், அடுத்த 3 மாதங்களில் அதே மாநிலத்துக் கறுப்பின மக்களுக்கு இந்த நாட்கள் கூடின. வெள்ளையரிடம் அந்த மாற்றம் இல்லை. இதழின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு 56.5 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.